பத்திரிகையில ஒரு எழுத்து மாறிப்போச்சு: சிவப்புக் கோடு விழாத இங்கிலீஷ் தப்புகளை எப்படிப் பிடிக்கிறது?

90 அடி ரோடு டிடிபி (செவ்வாய், இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். தாராவி 90 அடி ரோட்டுல சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கோம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், பின்கட்டுல ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், லெட்டர் பேட், கோயில் கொடை நோட்டீஸ், பொங்கல் விழா பேனர் எல்லாம் செய்றோம். வீட்டுக்காரர் அச்சடிப்பார். டைப் அடிச்சு டிசைன் பண்றது நான்.

பத்தாவது வரைக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ நான். தமிழ்ல என் கையில பிழை போகாது. மணமகனுக்கு மூணு சுழி ண, மகனுக்கு ரெண்டு சுழி ன, திருமண மண்டபத்துல எது எதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இங்கிலீஷ் மட்டும் கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடுது. தப்பா அடிச்சா கீழே சிவப்பா நெளிகோடு விழும், திருத்திடுவேன்.

போன மாசம் ஒரு பத்திரிகை வேலை. 350 கார்டு, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாங்குநேரிப் பக்கம், இங்க வந்து நாற்பது வருஷம் ஆச்சு. கிர்காவ் வரைக்கும் போய் நல்ல அட்டையாப் பார்த்து அவங்களே வாங்கிட்டு வந்தாங்க. இங்கிலீஷ் பக்கத்துல, உங்கள் மேலான வருகையை வேண்டுகிறோம்னு ஒரு வரி வழக்கமா வருமில்லையா, 'கிரேஷியஸ் பிரெசென்ஸ்'னு? அந்தச் சொல்லோட வால் என் சி ஈ. நான் அடிச்சிருந்தது என் டி எஸ். வருகைன்னு இருக்க வேண்டிய இடத்துல பரிசுப் பொருள்னு ஆயிருச்சு.

அதுவும் சரியான இங்கிலீஷ் சொல்லுதானே, அதனால சிவப்புக் கோடே விழலை. ப்ரூஃப் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அவங்க பேர் பார்த்தாங்க, தேதி பார்த்தாங்க, முகூர்த்த நேரம் பார்த்தாங்க, ஓகேன்னுட்டாங்க. 120 கார்டு குடுத்து முடிச்ச பிறகு மாப்பிள்ளையோட அக்கா கண்ணுல பட்டிருக்கு.

மறுநாள் காலையில மாப்பிள்ளையோட அப்பா கடைக்கு வந்தாரு. கார்டை மேசையில விரிச்சு வச்சு, அந்த வரிக்குக் கீழே விரலை வச்சாரு. நகத்துல மஞ்சள் கறை, முந்தின நாள் வீட்டுல பந்தக்கால் நட்டிருக்காங்க. "ஏம்மா, நாம கல்யாணத்துக்குக் கூப்பிட்டோமா, இல்ல மொய் கேட்டு நோட்டீஸ் அடிச்சோமா?"ன்னாரு. சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அதே பக்கத்துல கடைசி வரியா, 'அன்பளிப்பு வேண்டாம், ஆசீர்வாதம் போதும்'னு அவரு ஆசைப்பட்டுப் போடச் சொன்ன வரி இருக்கு. மேலே கேட்கிறது, கீழே வேண்டாம்ங்கிறது.

350 கார்டையும் எங்க செலவுல திரும்ப அடிச்சுக் குடுத்தோம். ஆனா வெளிய போன 120ஐ எப்படித் திருப்பி வாங்குறது? பாதி கூரியர்ல ஊருக்கே போயிருச்சு.

என் கேள்வி இதுதான். ரெண்டு ஸ்பெல்லிங்கும் சரியான சொல்லா இருக்கிற இந்த மாதிரி ஜோடிகளை எப்படி மனசுல நிறுத்துறது? லிஸ்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டிப் பார்த்தேன். வேலை நெருக்கடியில கண்ணு அங்க போகவே மாட்டேங்குது. ஏன் அந்த எழுத்துன்னு காரணம் தெரிஞ்சா மறக்காதுன்னு நினைக்கிறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோலிவாடா ரேடியம் (செவ்வாய், இரவு 11.25)

அக்கா, நான் சயான் கோலிவாடாவுல நம்பர் பிளேட், ரேடியம் ஸ்டிக்கர், ஷட்டர் போர்டு எழுதுற ஆளு. உங்க வேதனை எனக்குத் தெரியும். பேப்பர்னா திரும்ப அடிக்கலாம். ஷட்டர்ல எழுதினது பத்து வருஷம் ரோட்டைப் பார்த்துட்டே நிக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு டீச்சரம்மா வீட்டு வாசலுக்கு டியூஷன் போர்டு. நாம சொல்றது டியூ-ஷன். நானும் காது கேட்டபடி டி யூ, அப்புறம் நேரா டி ஐ ஓ என்னுன்னு எழுதிட்டேன். நடுவுல ஒரு ஐ இருக்கு: டி யூ ஐ டி ஐ ஓ என். அவங்க பிள்ளைங்க முன்னாடி அந்த போர்டை வச்சு எப்படிப் பாடம் சொல்லுவாங்க? அன்னிக்கு ராத்திரியே டர்பன்டைன் எடுத்துட்டுப் போய் அழிச்சேன். அதுக்கப்புறம் எந்தச் சந்துல போனாலும் கண்ணு அந்தச் சொல்லைத்தான் தேடும். தாராவியிலிருந்து முலுண்ட் வரைக்கும் அந்த ஐ இல்லாத போர்டு எத்தனை எத்தனை!

நான் இப்போ என்ன செய்றேன்னா, வேலைக்கு முன்னாடி பார்ட்டியையே ஒரு பேப்பர்ல தன் கையால எழுதித் தரச் சொல்லி, கீழே கையெழுத்து வாங்கிக்கிறேன். அதையும் தாண்டிச் சந்தேகம் வந்தா சொல்லைப் பின்னாலிருந்து முன்னால எழுத்தெழுத்தா படிப்பேன். அப்படிப் படிக்கிறப்போ பழக்கம் நம்மை ஏமாத்தாது. ஆனா ஜோடிச் சொல்லுக்கு இது உதவாது, அது பெரியவங்க யாராவது சொல்லட்டும்.

செம்பூர் ஸ்டெனோ (புதன், காலை 6.15)

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெரியவர் விரல் வைத்த இடம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நான் 1974இல் கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையரும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு, பம்பாய் மெயிலில் வி.டி. ஸ்டேஷனில் வந்து இறங்கியவன். முப்பத்தைந்து வருஷம் ஸ்டெனோ வேலை. நீங்கள் கேட்கிற ஜோடிச் சொற்கள்தான் எங்கள் தொழிலின் முதல் கண்டம்.

ஏன் என்று சொல்கிறேன். பிட்மன் சுருக்கெழுத்து 1837இல் வந்தது. அது காதுக்கான எழுத்து. அதிகாரி சொல்லச் சொல்ல ஒலியைக் கோடாக இழுத்துக்கொண்டே போவோம். 'பிரின்சிபல்' என்றால் ஏ-யா ஈ-யா என்கிற கேள்வியே நோட்டுப்புத்தகத்தில் கிடையாது, இரண்டுக்கும் ஒரே கோடு. டைப்ரைட்டர் முன்னால் உட்காரும்போதுதான் தெரிந்தாக வேண்டும். அடியில் நாலு கார்பன் காப்பி. ஒரு எழுத்துத் தப்பினால் ஐந்து தாளிலும் அழிக்க வேண்டும். எனவே, அம்மா, நான் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் ஒரு பொருளைக் கட்டி வைத்தேன். கை எழுத்தைத் தேடும் முன் மனசு பொருளைத் தேட வேண்டும்.

எழுத்துகளை இங்கே பெயர் சொல்லியே எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் நிற்கும்.

அந்த பிரின்சிபலிலிருந்தே தொடங்கலாம். கல்லூரிப் பிரின்சிபலுக்குத் தமிழில் என்ன பெயர்? முதல்வர். வங்கிக் கடனில் வட்டி போக நிற்கிற பிரின்சிபலுக்கு? அசல், அல்லது முதல். இரண்டிலும் 'முதல்' இருக்கிறது பாருங்கள். லத்தீனிலும் இதன் வேர் 'முதலாவது' என்றுதான் பொருள்படும். இங்கிலீஷின் முதல் எழுத்து ஏ. ஆகவே தமிழில் 'முதல்' என்று வந்தால் கடைசியில் பி ஏ எல். கொள்கை, நெறி, தத்துவம் என்று வந்தால் பி எல் ஈ. ஒரு அலுவலகத்தில் சேர்ந்த இரண்டாம் மாதம், வங்கிக்குப் போக வேண்டிய கடிதத்தில் அசலைத் திருப்பித் தருகிறோம் என்பதற்குக் கொள்கையைத் திருப்பித் தருகிறோம் என்று அடித்துவிட்டேன். அதிகாரி சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்தார். அன்று லோக்கலில் நின்றுகொண்டு வந்தபோது கண்டுபிடித்ததுதான் இந்த 'முதல்' கணக்கு. அதற்குப் பிறகு ஒரு தடவையும் தவறவில்லை.

உங்களைக் காயப்படுத்திய பிரெசென்ஸுக்கு வருவோம். பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வந்தவன் பிரெசென்ட், வராதவன் ஆப்சென்ட். வராமல் இருப்பதற்கு ஆப்சென்ஸ், வால் என் சி ஈ. வந்திருப்பதற்கும் அதே வால். இரண்டும் ஒரு ஜோடிக் காளை. எங்கே 'வருகை' என்று தமிழில் நினைக்கிறீர்களோ, அங்கே பக்கத்தில் 'வராமை'யையும் நினைத்துக்கொள்ளுங்கள், சி தானாக வந்துவிடும். வராமையைப் பற்றி நினைக்கவே முடியாத இடம் என்றால் அது பரிசு.

உங்கள் தொழிலில் இதைவிட அடிக்கடி வருவது காம்ப்ளிமென்ட்ஸ். பத்திரிகை அடியில் சுற்றமும் நட்பும் போடும் இடத்தில், கோயில் மலர் விளம்பரத்தில், எல்லாவற்றிலும் 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்' இருக்கும். அங்கே நடுவில் ஐ: சி ஓ எம் பி எல் ஐ. வாழ்த்து, பாராட்டு என்று பொருள். வாழ்த்துவது ஒரு ஆள், ஆள் தன்னைச் சொல்லிக்கொள்வது ஐ. அதே இடத்தில் ஈ போட்டால் 'நிறைவு செய்வது' என்று ஆகிவிடும், கம்ப்ளீட் என்ற சொல்லில் இருக்கிற அதே ஈ. இட்லிக்குச் சட்னி, வேஷ்டிக்குத் துண்டு, இதெல்லாம் ஈ. இதிலும் சிவப்புக் கோடு விழாது.

பில் புக் அடிக்கிறீர்களே, 'ஸ்டேஷனரி' என்று எத்தனை கடைக்கு அடித்திருப்பீர்கள்? காகிதம், பேனா விற்கிற கடைக்குக் கடைசியில் ஈ ஆர் ஒய். அசையாமல் நிற்பதற்கு ஏ ஆர் ஒய். இந்த இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐரோப்பாவில் அந்தக் காலத்து வியாபாரி பெரும்பாலும் தலையில் சுமந்து ஊர் ஊராகப் போவான். பல்கலைக்கழகத்துப் பக்கத்தில் புத்தகம் விற்பவன் மட்டும் ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தான். நின்ற இடத்தில் நிற்பவன் என்பதால் அவனுக்கு ஸ்டேஷனர் என்று பெயர். நம் ஊரில் தெருத்தெருவாகச் சுற்றி விற்கிற ஃபேரிவாலாவுக்கும், காலா என்கிற கடை அறை வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான். லண்டனில் அச்சுக்காரர், புத்தக வியாபாரிகள் சங்கத்துக்கு 1557இல் அரச சாசனம் கிடைத்தபோதும் பெயர் ஸ்டேஷனர்ஸ் கம்பெனிதான். பேக்கர் கடை பேக்கரி, ஸ்டேஷனர் கடை ஸ்டேஷனரி. ஆள் பெயரில் ஈ ஆர் இருக்கிறது, கடையிலும் அதுவே இருக்கும்.

கடைசியாக ஒன்று. இது நான் அதிகம் தெரிந்தவன் என்று நினைத்துச் செய்த தப்பு. கொஞ்ச காலம் ஒரு பஞ்சாலையின் ஆபீசில் வேலை பார்த்தேன். 1982 வேலைநிறுத்தத்துக்கு முன்னால், பரேல், லால்பாகில் எல்லாம் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலம். ஃபினிஷிங் பிரிவு மாஸ்டர் கையால் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் 'காலண்டர்' என்ற சொல் ஆறு இடத்தில் ஈ ஆரில் முடிந்தது. தேதி பார்க்கிற காலண்டருக்கு டி ஏ ஆர். பாவம், படிக்காத மனுஷர் என்று நினைத்து ஆறையும் திருத்தி அடித்தேன். மறுநாள் அவரே வந்து என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இரண்டு பெரிய உருளைகள், ஒன்றன்மேல் ஒன்று, உள்ளே சூடு. கசங்கின துணி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் பட்டாக வெளியே வந்தது. "இதுக்குப் பேர்தான் தம்பி காலண்டர்"என்றார். உருளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, சிலிண்டர் என்பதும் அதே குடும்பம், அதனால் ஈ ஆர். தேதிக் காலண்டருக்கு வேர் வேறு. ரோமாபுரியில் மாசம் பிறக்கும் முதல் நாளுக்குக் காலண்டே என்று பெயர், கடன் பாக்கி கட்ட வேண்டிய நாளும் அதுதான். அந்தக் கணக்குப் புத்தகம்தான் காலண்டேரியம், அதில் ஏ இருக்கிறது. நீங்கள் மாத காலண்டர் அடிக்கும்போது, ஒன்றாம் தேதி அகவுன்ட், அகவுன்ட்டுக்கு முதல் எழுத்து ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாஸ்டர் ரத்னகிரிக்காரர். நாலாவது படித்தவர். அவர் எழுதினதுதான் சரி.

90 அடி ரோடு டிடிபி (புதன், மதியம் 2.10)

ஐயா, கடையில ஆள் இருக்கும்போதே படிச்சேன், படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு பார்ட்டியை உட்கார வச்சுட்டேன். 'முதல்'னா ஏ, இதை இனி மறக்கவே மாட்டேன். எங்க கடைக்கு மாசா மாசம் ஒரு சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் வருது, அதுல அந்தச் சொல் இருக்கு. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு, ஆனா அது தற்செயல்னு எனக்கே தெரியும்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஒரு எழுத்து வருமா ரெண்டு வருமாங்கிறது. ஆஃபர் குடுத்தாச்சுங்கிறதுக்கு ஒரே ஆர், ரெஃபர் பண்ணியாச்சுங்கிறதுக்கு ரெண்டு ஆர்னு கம்ப்யூட்டர் திருத்துது. ஏன்னு புரியலை. ரெண்டாவது, இங்க சொசைட்டிக்காரங்க, அதான் குடியிருப்புச் சங்கத்துக்காரங்க, மெயின்டெனன்ஸ் நோட்டீஸ் அடிக்க வருவாங்க, எழுதிட்டு வர்ற பேப்பர்ல ஆளுக்கொரு ஸ்பெல்லிங். மெயின்டெயின்னு சொல்றப்போ கடைசியில ஏ ஐ வருது, மெயின்டெனன்ஸ்ல காணோம்.

மாட்டுங்கா டீச்சர் (புதன், மாலை 5.50)

சகோதரி, நான் தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் சொல்லிக்குடுத்தவள், இப்போது ஓய்வு. உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பதில் நீங்கள் பத்தாம் வகுப்புக்குள் படித்த தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. புணர்ச்சி நினைவிருக்கிறதா? கல் + ஐ என்ன ஆகும்? கல்லை. கால் + ஐ? காலை. முதலாவதில் ல் இரட்டித்தது, இரண்டாவதில் இரட்டிக்கவில்லை. 'தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்பது நன்னூல் சூத்திரம். குறில் தனியாக நின்று, அதன் பின் மெய் வந்து, அடுத்து உயிர் சேர்ந்தால் மெய் இரட்டிக்கும். கண் கண்ணில் ஆகும். நாள் நாளில்தான் ஆகும்.

இங்கிலீஷிலும் இதே வழிதான். ரன் என்பதோடு இங் சேர்த்தால் என் இரட்டிக்கும், ஸ்டாப்போடு சேர்த்தால் பி இரட்டிக்கும், கட்டோடு சேர்த்தால் டி இரட்டிக்கும். குறில். ரீட், ஸ்லீப், வெயிட் இவற்றில் நெடில், இரட்டிக்காது. முதன்முதலில் இதைக் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. பின் பெஞ்சில் ஒரு பையன், "டீச்சர், அவங்க நம்மகிட்டேருந்து எடுத்தாங்களா?"என்று கேட்டான். இல்லை கண்ணா, இரண்டு பேரும் தனித்தனியே இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது எழுத்தில் மட்டும்தான் என்றேன்.

சொல் கொஞ்சம் நீளமானால் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: அழுத்தம் எங்கே விழுகிறது? ரெ-ஃபர், ஆ-கர், பி-கின், இவற்றில் அழுத்தம் கடைசி அசையில். இரட்டிக்கும். ஆ-ஃபர், ஓ-பன், வி-சிட், இவற்றில் அழுத்தம் முதல் அசையில். கடைசி அசையைச் சாதாரணமாக விட்டுவிடுகிறோம், அதனால் இரட்டிக்காது. எல் மட்டும் பிரிட்டிஷ் வழக்கில் அடங்காது: டிராவல், கேன்சல் இரண்டுக்கும் அழுத்தம் முன்னால்தான், ஆனாலும் நாம் ரெண்டு எல் போடுகிறோம். அமெரிக்கக்காரர்கள் ஒரே எல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க இங்கிலீஷில் இருந்தால் நம் சரியைத் தப்பு என்று கோடு போடும், அதை ஒரு தடவை பார்த்து மாற்றிவிடுங்கள்.

டியூஷன் பற்றி எழுதின தம்பிக்கு: உங்கள் வேர் தேடும் கண்ணுக்கு ஒரு செய்தி. அந்தச் சொல்லின் லத்தீன் பொருள் காத்தல், கண் வைத்துப் பார்த்துக்கொள்ளுதல். இன்ட்யூஇஷன் என்று சொல்லிப்பாருங்கள், அந்த ஐ வாயில் தெளிவாகக் கேட்கும். அதே குடும்பம். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு மாலை நேரம் சொல்லிக்குடுத்த எனக்கு அந்தப் பொருள் தெரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

செம்பூர் ஸ்டெனோ (புதன், இரவு 9.05)

டீச்சர் அம்மா, கல்லை, காலை! இத்தனை வருஷம் இரண்டு மொழியையும் கையில் வைத்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. நன்றி.

மெயின்டெனன்ஸ் விஷயம். பிரெஞ்சில் 'மெயின்' என்று எழுதினால் கை, 'டெனிர்' என்றால் பிடித்துக்கொள்வது. கையில் பிடித்து விழாமல் வைத்திருப்பதுதான் பராமரிப்பு. வீட்டைப் பிடித்திருப்பவர் டெனன்ட், அதுவும் அந்த டெனிரிலிருந்து வந்ததுதான். மெயின்டெனன்ஸ் என்ற சொல்லுக்குள் மெயின் முடிந்ததும் டி ஈ என் ஏ என் என்று டெனன்ட்டை அப்படியே பார்க்கலாம், பின்னால் சி ஈ. சொசைட்டி நோட்டீஸ் அடிக்கும்போது குடியிருப்பவரை நினைத்துக்கொண்டு அடியுங்கள்.

இங்கிலீஷில் ஏன் இப்படிக் கேட்பது ஒன்று, எழுதுவது ஒன்று என்று என் பேத்தி கேட்பாள். அதில் உங்கள் தொழில்காரர்களுக்குப் பங்கு உண்டு, அம்மா. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அந்தக் காலத்தில் நைட் (போர்வீரன்), நைஃப் (கத்தி) இரண்டிலும் கே-யை வாயால் சொன்னார்கள். அச்சில் எழுத்து ஒரு நிலைக்கு வரத் தொடங்கிவிட்டது, பேச்சு மட்டும் நிற்காமல் மாறிக்கொண்டே போனது. சில எழுத்துகள் படித்தவர்கள் பின்னால் சொருகியவை. பில் புக்கில் அடிக்கிற ரிசிப்ட் என்ற சொல்லின் வாயில் வராத பி, லத்தீனில் இருந்ததே என்று சேர்த்தது. கடனுக்கான டெட் என்ற சொல்லில் வரும் பி-யும் (பேங்க் என்ற சொல்லின் முதல் எழுத்தான பி) அப்படியே. ஏமாற்றுவதற்கான டிசீட் என்ற சொல்லுக்கும் ரிசிப்ட்டின் வேர்தான், அதில் மட்டும் அந்த பி நிலைக்கவில்லை.

பத்திரிகையில் பிரைட்குரூம் ஒரே சொல், நடுவில் இடம் விடாதீர்கள். அதில் குரூமில் இருக்கிற ஆர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய இங்கிலீஷில் ஆண்மகனுக்கு 'குமா' என்று ஒரு சொல். மணப்பெண்ணின் குமா, மாப்பிள்ளை. அந்தச் சொல் வழக்கொழிந்ததும் மக்களுக்குப் பொருள் புரியாமல், பழக்கமான குரூம் என்ற சொல்லை 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே வைத்துவிட்டார்கள். குரூம் என்றால் அப்போது வேலைக்காரப் பையன், பிறகு குதிரை பார்ப்பவன். ஒரு சொல்லின் பொருள் மறந்தால் எழுத்து வழி தவறும், அது இங்கிலீஷ்காரர்களுக்கே நடந்திருக்கிறது. நீங்கள் பத்தாவது வரை தமிழில் படித்ததை எண்ணி ஒரு கணமும் குன்றிப்போகாதீர்கள்.

90 அடி ரோடு டிடிபி (சனி, இரவு 11.15)

ஐயா, டீச்சர், தம்பி, மூணு பேருக்கும் நன்றி. வியாழக்கிழமை ஒரு கோயில் கொடை மலர் வேலை வந்துச்சு. 46 விளம்பரம். பாதிக்கு மேல அவங்கவங்களே டிசைன் பண்ணி அனுப்பினது, நான் பக்கத்துல சேர்த்தா போதும். முன்னாடி அதையெல்லாம் படிக்கவே மாட்டேன். இந்தத் தடவை ஒவ்வொண்ணா பெரிசு பண்ணிப் பார்த்தேன். மூணுல காம்ப்ளிமென்ட்ஸ்க்கு ஈ இருந்துச்சு. வாழ்த்து இல்லை, சட்னி!

இன்னொருத்தர் டிசைனை நாமளா திருத்தினா கோவிச்சுக்குவாங்களோன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஐயா பஞ்சாலையில ஆறு இடத்துல திருத்தினது வேற ஞாபகம் வந்துச்சு. கேட்காம கை வைக்கக் கூடாதுன்னு மூணு பேருக்கும் போன் போட்டேன். ஒருத்தர் தோல் பை செய்றவர், "நல்ல வேளை சொன்னீங்க, என் விசிட்டிங் கார்டுலயும் அப்படித்தான் இருக்கு, அதையும் மாத்திக் குடுங்க"ன்னாரு. இட்லி மாவு அரைக்கிற அக்கா, அவங்க பொண்ணுகிட்டக் கேட்டுட்டு மாத்தச் சொல்லிட்டாங்க. மூணாவது ஆளு போன் எடுக்கலை. அவரு கடை கும்பார்வாடாவுல இருக்கு. திங்கட்கிழமை அச்சுக்குப் போறதுக்குள்ள நாளைக்குக் காலையில நேரா போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்.